வரவில்லை என்றொரு பொத்தான்

கரம்பொன் சந்தியில் பஸ் நின்றபோது மழை சற்று விட்டிருந்தது. ஜெனீற்றா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கணுக்கால் வெள்ளத்தில் கால் வைத்து நடந்தாள். மீனவர் சங்கத்தின் கந்தோர், கனடாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பழைய கல்வீட்டில் இருந்தது. சுண்ணாம்பு ஊறிய மணம், வௌவால் எச்சத்தின் மணம், உள்ளறையில் ஒரு மேசை, மேசையில் கணினி. எல்லாம் இருந்தபடியே இருந்தன. கணினிக்கு முன்னால் எப்போதும் இரண்டு கதிரை கிடக்கும். இன்றைக்கு ஒன்றை எடுத்துச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள்.

யாரைக் கேட்டு எடுத்தார்கள்? இங்கே என்ன செத்தவீடா நடக்கிறது? கதிரையை இழுத்துவந்து பழைய இடத்தில் போட்ட பிறகுதான் அவள் தன் கதிரையில் இருந்தாள்.

அது கிறிஸ்ரியின் கதிரை. கிறிஸ்ரி அவள் புருஷன். அந்த 2008ஆம் ஆண்டு மாரி தொடங்கிய கையோடு, வலை இழுத்து வருகிறேன் என்று தகப்பனின் வள்ளத்தில் தனியே போனவன். மாதம் ஒன்றாகிறது, வள்ளமும் வரவில்லை, அவனும் வரவில்லை. தேடிப் போனவர்கள் நெடுந்தீவுப் பக்கமிருந்து ஒரு மிதப்புக் கட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மிதப்புக் கட்டை எந்த வலையில்தான் இல்லை? “என்ரை மனிசன் உயிரோடை இருக்கிறார்” என்று பங்குத்தந்தையிடம் சொன்னாள், ஊராரிடம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்க விடவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. பகலெல்லாம் இப்படி வீறாப்பாக நிற்பவள், தலையணையில் முகத்தைப் புதைத்து, “ஆண்டவரே, எப்படியெண்டாலும் பரவாயில்லை, ஆளைக் கொண்டுவந்து தாரும்” என்று கெஞ்சினாள். எப்படியென்றாலும் என்று கேட்கக் கூடாது. அதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

புருஷனும் பெண்சாதியுமாக அவர்கள் செய்துகொடுத்ததுதான் அந்தக் கணினியில் இருந்த செயலி. கடலுக்குப் போகிற வள்ளம், கரைக்கு வருகிற வள்ளம் எல்லாவற்றையும் அது பதியும். வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். திரை எப்படித் தோன்ற வேண்டும், எந்தப் பெட்டி எங்கே, எந்தப் பொத்தான் எவ்வளவு பெரிது என்பது கிறிஸ்ரியின் பாடு. டிசைனர் என்ற கருவியில் சுட்டியால் இழுத்து இழுத்துக் கீறி, அதை ஒரு தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பான். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பைதனில் எழுதுவது ஜெனீற்றாவின் பாடு. செயலி திறக்கிற ஒவ்வொரு முறையும் அவனுடைய கோப்பைத் தேடிப்போய், அந்த நேரத்தில் அதில் கீறியிருப்பதை அப்படியே வாசித்துத் திரையைக் கட்டும். ஆகவே அவன் தன்பாட்டில் கீறலாம், அழிக்கலாம். அவள் எழுதியதில் ஒரு எழுத்தும் அசையாது. காலையில் திறந்தால் பொத்தான் இடம் மாறி இருக்கும். “உம்மடை கை சும்மா கிடக்காதோ?” என்று அவள் பேசுவாள். அவன் சிரிப்பான்.

ஒவ்வொரு பொத்தானுக்கும் உள்ளே ஒரு பெயர் வைக்க வேண்டும். கிறிஸ்ரி மீன் பெயராக வைத்தான். ‘கடலுக்குப் போனது’ பொத்தானுக்கு ஓரா. ‘கரைக்கு வந்தது’ பொத்தானுக்கு விளை. “கொடுவாவைக் கடைசிப் பொத்தானுக்கு எண்டு வைச்சிருக்கிறன்” என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடம் மட்டும் சொன்னான்.

வராத வள்ளத்துக்கு என்று மூன்றாவது பொத்தான் ஒன்று வேண்டாமா என்று அவள் தொடக்கத்திலேயே கேட்டிருந்தாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

“அதை மட்டும் கேக்காதையும் ஜெனீ. கடலுக்குப் போறவன் வராமல் விடுறதுக்கு நான் சாகுமட்டும் பொத்தான் கீறமாட்டன். கீறி வைச்சால் அது ஒரு ஆளைத் தேடும்.”

வள்ளம் தள்ளுகிறவனிடம் எப்போது வருவாய் என்றுகூடக் கேட்காத வீட்டில் பிறந்தவன் அவன். படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று கேட்டால், ஓம், படித்தவனுக்கும் தகப்பன் கடலில்தானே? அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு பிழையால்தான் இப்போது அவனுடைய வள்ளம் திரையில் சிவப்பாகக் கிடந்தது. கடலுக்குப் போனது. அவ்வளவுதான். அதை மூடுவதற்கு அந்தச் செயலியில் வழியே இல்லை.

சங்கச் செயலாளர் பஸ்ரியாம்பிள்ளை நனைந்த தொப்பியை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் முகம் சரியில்லை.

“பிள்ளை, உம்மை இந்த நிலையிலை கூப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனா வேற வழி இல்லை. போன வள்ளமும் வந்த வள்ளமும் ஒத்துவராத தாளைப் பாத்துப் பாத்து நேவிக்காரர் இவ்வளவு நாளும் பாவமெண்டு கடலுக்குப் போகப் பாஸ் தந்தவங்கள். திங்கக்கிழமையிலையிருந்து ஏலாதாம். ஒருத்தருக்கும் பாஸ் இல்லை.”

“கையாலை ஒரு தாள் எழுதிக் குடுங்கோவன் அண்ணை.”

“கொம்பியூட்டர்த் தாள் எண்டு பெருமை பேசினது நாங்கள்தானே. இப்ப கையெழுத்தை எடுக்கமாட்டினமாம்.” அவர் குரலைத் தணித்தார். “அந்த ஒரு பொத்தானைப் போட்டுவிடும் பிள்ளை. வரேல்லை எண்டு. ஊர்ச் சனம் சாப்பிட வேணும்.”

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பஸ்ரியாம்பிள்ளை துறைமுகப் பக்கம் போனதும் டிசைனரைத் திறந்து அவன் கீறிய திரையைப் பார்த்தபடியே இருந்தாள். இரண்டு பொத்தான்கள். கீழே ஒன்றுக்கு இடமிருந்தது. சுட்டியைத் தொட்டாள். கீற மனம் வரவில்லை. டிசைனரை மூடிவிட்டு, காலையில் வந்த வள்ளங்களைப் பதியலாம் என்று செயலியைத் திறந்தாள்.

கீழே மூன்றாவது பொத்தான் ஒன்று இருந்தது.

எழுத்தில்லாத வெறும் பொத்தான்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அழுத்தினாள். அமுங்கியது, எழும்பியது. நிரல் எழுதாத பொத்தான் வேறென்ன செய்யும்? மறுபடி டிசைனரைத் திறந்து அந்தப் பொத்தானின் பெயரைப் பார்த்தாள்.

கொடுவா.

உலகத்திலே இரண்டு பேருக்குத்தான் அந்தப் பெயர் தெரியும். ஒருத்தி இங்கே இருக்கிறாள்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோசம்! வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு முழுக்கச் சோதித்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து பென்ட்ரைவில் கொண்டுவந்த பழைய கோப்பை அதன்மேல் போட்டாள். முதல் தடவை இரண்டு பொத்தான், அடுத்த தடவை திறந்தால் மூன்று. கோப்பை ஒருவரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள், திறந்தால் மூன்று. அந்தக் கணினிக்கு இணையமும் இல்லை, வேறு கணினியோடு தொடுப்பும் இல்லை. பஸ்ரியாம்பிள்ளைக்கோ சுட்டியை நேராகப் பிடிக்கவே தெரியாது. பின்னேரம் சுட்டியைத் தொட்டபோது அது நனைந்திருந்தது. விரலை நக்கிப் பார்த்தாள். உப்பு.

மறுநாள் சனிக்கிழமை. அறைக்குள் நுழையும்போதே மணந்தது. வெயிலில் கிடந்து அழுகிய சாதாளைக் கடற்புல்லின் மணம், கரையில் என்றால் பழக்கம், வீட்டுக்குள் குடலைப் புரட்டியது. கிறிஸ்ரியின் கதிரையில் பிரம்பு பின்னிய இடம் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது.

“வந்திட்டீரோ?” என்று மெதுவாகக் கேட்டாள்.

செயலியைத் திறந்தாள். மூன்றாவது பொத்தானில் இப்போது எழுத்து இருந்தது.

‘வரவில்லை’.

சாகும்வரை கீறமாட்டேன் என்றவன் கீறியிருந்தான். ஜெனீற்றா அதை வாசித்துவிட்டு, விளங்காதவள் மாதிரி மறுபடி வாசித்தாள். விளங்கவில்லை என்றில்லை. விளங்கியது. அவன் கேட்கிறான்: என்னை வரவில்லை என்று எழுதிவிடு, மூடிவிடு. அதுதான் அந்தப் பொத்தானுக்கு அர்த்தம். சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் மனம் என்ற ஒன்று இருக்கிறதே! கீறுகிற கை இருக்கிறது என்றால் ஆள் இருக்கிறார்தானே? இருக்கிற ஆளை எப்படி வரவில்லை என்று எழுதுவது? எழுதினால் நாளைக்கே பூசை, கறுப்புச் சீலை, மகள் அன்ரனிட்டாவைத் தகப்பனில்லாப் பிள்ளை என்று ஊர் தடவிக்கொடுக்கும். ஏலாது. அவளால் ஏலவே ஏலாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவர்கள் இருவரும் வேலை பிரித்த விதத்திலேயே அதற்கு இடமிருந்தது. பொத்தானில் எழுதியிருப்பது கோப்பில் இருக்கிறது. அழுத்தினால் நடப்பது அவள் கையில் இருக்கிறது. ஒன்றை ஒன்று கேட்காது. பார்க்கிறவனுக்குத் தெரிவது வரவில்லை. உள்ளே பதிவது கரைக்கு வந்தது. சிவப்பு மறையும், கணக்கு ஒத்துவரும், ஊருக்குப் பாஸ் கிடைக்கும். ஆளும் வந்ததாக இருக்கும்.

எழுதினாள். நாலே வரி. எழுதும்போது பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. விசைப்பலகையில் ஒரு விசை தானாக அமுங்கியது. எழுதிய வரி அழிந்தது. திரும்ப எழுதினாள். அழிந்தது. பிடிவாதக்காரி அவள், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரம் எழுதிச் சேமித்தாள்.

“விடும் கிறிஸ்ரி,” என்றாள் கண்ணீரோடு. “உமக்கு ஒண்டும் தெரியாது. நான் உம்மைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

கதிரைச் சத்தம் நின்றது.

பஸ்ரியாம்பிள்ளை வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். வரவில்லை என்ற எழுத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“நான் அமத்தட்டோ பிள்ளை?”

“இல்லை அண்ணை. நான்தான்.”

கிறிஸ்ரியின் வள்ளத்தைத் தெரிவு செய்தாள். அழுத்தினாள்.

சிவப்பு மறைந்தது. அவ்வளவுதான். இடியுமில்லை, மின்னலுமில்லை. பஸ்ரியாம்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தாளை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “நீர் பெரிய மனசுக்காரி” என்று அவர் சொன்னபோது அவளுக்கு முகம் கூசியது. அவர் விறாந்தையில் போய்ச் சுருட்டுப் பற்றவைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாதாளை மணம் இல்லை. திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்ரியின் கதிரை காய்ந்து கிடந்தது. ஈரக் கால் அடையாளங்கள் கதிரையடியிலிருந்து கதவுப் பக்கம் போயிருந்தன. நடந்த கால்கள் அல்ல. ஓடிய கால்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

செயலியை மூடித் திறந்தாள்.

திரை முழுக்கப் பொத்தான்.

வரவில்லை. வரவில்லை. வரவில்லை. வரவில்லை. மேலிருந்து கீழ்வரை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோணலும் மாணலுமாக. கிறிஸ்ரி ஒரு பொத்தானை ஒரு நூல் கோணலாகவும் கீறாதவன். இது கீறியதல்ல, கத்தியது.

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவன் கெஞ்சியது தன்னை மூடச் சொல்லியல்ல. தன்னுடைய பெயரில் வேறொன்று வரப் பார்க்கிறது என்று சொல்லி. கடலுக்குப் போனவன் என்று திறந்து கிடந்த கதவை அடைக்கச் சொல்லி. அவள் என்ன செய்தாள்? அடைக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டு அகலத் திறந்துவிட்டாள்.

“ஐயோ மாதாவே!”

அந்த நாலு வரியையும் அழித்தாள். வரவில்லை என்றால் வரவில்லை என்றே பதிகிறபடி எழுதினாள். திறந்தாள். திரை அமைதியாக இருந்தது. கொடுவா ஒன்றே ஒன்று, தன் இடத்தில், நேராக. காத்துக்கொண்டிருந்தது. அழுத்தினாள்.

சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது. அவளே முன்பு ஒருநாள் எழுதி வைத்த எச்சரிக்கை. ஒருவரும் தவறி ஒரு வள்ளத்தை இரண்டு தரம் பதியக் கூடாது என்று.

‘இந்த வள்ளம் இப்போது கடலில் இல்லை.’

மறுபடி அழுத்தினாள்.

‘இந்த வள்ளம் இப்போது கடலில் இல்லை.’

அந்த எச்சரிக்கையை நீக்கலாம், உள்ளே போய்ப் பதிவைத் திருத்தலாம், எல்லாம் செய்யலாம். அதற்கு நேரம் வேண்டும். மின்சாரம் அதற்குள் நின்றுவிட்டது. திரை கறுத்தது. வீட்டில் அன்ரனிட்டா இருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது.

விறாந்தையில் சாத்தியிருந்த பஸ்ரியாம்பிள்ளையின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினாள். “எங்கை பிள்ளை போறீர்?” என்று அவர் கத்தியது பின்னால் கேட்டது. சரவணைப் பாதை முழுக்க வெள்ளம். பட்டப்பகல், ஆனால் மழை மூடி உலை மூடிக்குள் இருப்பதுபோல் இருண்டிருந்தது. செபம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு மிதித்தாள்.

வீட்டு வாசல் படலையடியில் சைக்கிள் நின்றுவிட்டது. கல்லில் முட்டவில்லை, சேற்றில் புதையவில்லை. பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற மாதிரி நின்றது. அவள் சைக்கிளை எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

குசினியில் விறகு எரிந்தது. மச்சாள் மேரிஜோசப்பின், கிறிஸ்ரியின் தங்கச்சி, பெரிய பானையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் அழுது சிவந்திருந்தது. பற்கள் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சாள்! அண்ணை வந்திட்டார்! நீங்கள் சொன்னது சொன்னபடி வந்திட்டார். அந்தோனியாரே, நான்தான் நம்பாமல் கிடந்தனான்.” ஓடிவந்து ஜெனீற்றாவைக் கட்டிப்பிடித்தாள். “பாவம், ஒரே குளிராம். அறையை இருட்டாக்கச் சொன்னவர். கண் கூசுதாம்.”

“பிள்ளை எங்கை?”

“இஞ்சைதான் நிண்டவள். தகப்பனிட்டைப் போகமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறாள். இவ்வளவு நாளாப் பிரிஞ்சிருந்தது, வெக்கமாக்கும்.”

அன்ரனிட்டா முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயதுப் பிள்ளை. அவள் பார்வை படலையை விட்டு அசையவில்லை.

“அன்ரனி, வாங்கோ அம்மாவிட்டை.”

“அம்மா,” என்றாள் பிள்ளை, திரும்பாமலே. “அப்பா ஏன் உள்ளை வாறார் இல்லை?”

ஜெனீற்றா ஜன்னலால் பார்த்தாள்.

படலைக்கு அப்பால், பூவரசின் கீழ், மழைக்குள் கிறிஸ்ரி நின்றான். போன அன்று போட்டிருந்த அதே நீலச் சேட். முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் அவன்தான். அவனை அவளுக்குத் தெரியாதா? வலது கையை நீட்டி, வெறும் காற்றில், ஒரே இடத்தை ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான். அழுத்தினான். அழுத்தினான். அழுத்தினான்.

“அப்ப அறைக்குள்ளை இருக்கிறது ஆரம்மா?” என்று பிள்ளை கிசுகிசுத்தாள்.

அறைச் சீலை மெல்ல அசைந்தது.

“ஜெனீ,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அதே குரல். அவள் தலையணையில் முகம் புதைத்து ஏங்கிய குரல், ஒரு இம்மியும் பிசகாமல். “வந்திட்டீரோ? அந்தத் துவாயை ஒருக்கா எடுத்துத் தாரும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

பிள்ளையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு வெளியே பாய்வதற்குள் வாசற்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். ஈரத்தில் ஊறிய பலகைபோல் அது இறுகிக் கிடந்தது. படலையில் நின்ற உருவம் தலையில் அடித்துக்கொள்வது ஜன்னலால் தெரிந்தது.

“என்ன மச்சாள், கதவோடை மல்லுக்கட்டுறியள்? பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறியள்,” என்று சிரித்தபடி மேரிஜோசப்பின் வந்தாள். அவளுக்கு ஜன்னல் பக்கம் பார்க்க வேளையில்லை. கொடியில் கிடந்த துவாயை எடுத்து உதறி, ஜெனீற்றாவின் தோளில் போட்டு, இரண்டு பேரையும் அன்போடு அறைப் பக்கம் தள்ளிவிட்டாள்.